தேய்க்காமல் வரும் மெருகு

பாலாற்றுப் படுகையில் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று வரிசையாக ஊர்ப்பெயர்களைச் சொன்னாலே தோல் தொழில்தான் நினைவுக்கு வரும். அத்தொழிலின் கடைசிக் கட்டமான பினிஷிங் பிரிவில் நெடுங்காலமாகக் கையாளப்பட்டுவரும் 'கிளேசிங்' என்ற நுட்பம், அதே ஊர்களின் நெடுஞ்சாலையோரத்தில் கார் கழுவித் துடைக்கும் இடங்களில் 'கிளேஸ்' என்ற பெயரில் பூசப்படும் திரவம் என்ன செய்கிறது, என்ன செய்யாது என்பதை விளக்க மிகவும் பொருத்தமானது. இரண்டுக்கும் பெயர் ஒன்றாக அமைந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் மேற்பரப்பில் ஓர் இழையளவும் சுரண்டி எடுக்காமல் ஒளியை வரவழைப்பது என்ற அடிப்படை இரண்டுக்கும் ஒன்றே.

கிளேசிங் வேலை, பதனிட்டுச் சாயமேற்றி உலர்த்திய ஆட்டுத்தோலின் மேற்புறத்தில் செய்யப்படுகிறது. ரோமம் நீங்கிய பின் வெளித்தெரியும் அந்த மேற்புறத்துக்குத் தொழிலில் 'கிரெய்ன்' என்று பெயர். ரோமக்கால்களின் நுண்துளைகள் அமைந்திருக்கும் ஒழுங்கைக் கொண்டே அது வெள்ளாட்டுத் தோலா, மாட்டுத்தோலா என்று கைதேர்ந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். இந்தக் கிரெய்னின் மீது, பாலிலிருந்து பிரித்தெடுக்கும் கேசீன் என்ற புரதமும் அரக்கும் மெழுகும் சாயமும் சேர்ந்த நீர்த்த கலவை ஒன்று மெல்லிய படலமாகப் பூசப்பட்டு உலரவிடப்படுகிறது. பிறகு தோல், சாய்வான மெத்தைப் பலகையின்மீது விரிக்கப்பட, இயந்திரத்தின் வீசும் கையின் நுனியில் பொருத்தப்பட்ட கண்ணாடி உருளையோ அகேட் என்னும் மணிக்கல் உருளையோ அதன்மேல் அழுந்தி இழுபட்டுச் செல்கிறது. உருளை என்று பெயர் இருந்தாலும் அது உருள்வதில்லை. சுழலாமல் கையோடு நகர்ந்து உரசுகிறது. ஒவ்வொரு வீச்சுக்கும் இடையில் தொழிலாளி தோலை விரலளவு நகர்த்த, உரசலில் எழும் சூடு மெழுகை இளக்கிப் புரதப் படலத்தை இறுக்கி அழுத்த, மங்கலாகக் கிடந்த பரப்பு ஒரு பட்டை அகலத்துக்குக் கருமை கூடிப் பளபளத்து எழுகிறது. அடுத்த வீச்சில் அதை ஒட்டி இன்னொரு பட்டை. தரையில் தூசு உதிர்வதில்லை, தோலின் கனம் குறைவதில்லை. ரோமக்கால்களின் கோலம் முன்பைவிடத் தெளிவாகத் தெரிகிறது.

குரோம் உப்பால் பதனிட்ட வெள்ளாட்டுத் தோலை இவ்வாறு மெருகேற்றிப் பெறுவதே 'கிளேஸ்டு கிட்' என்ற உயர்வகைக் காலணித் தோல். அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் 1884இல் குரோம் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்ற சில ஆண்டுகளுக்குள் பிலடெல்பியா நகரம் இந்த வகைத் தோலுக்குப் பெயர் பெற்றது; அந்நகரின் ஆலைகளுக்குச் சென்ற வெள்ளாட்டுத் தோல்களில் இந்தியத் தோலும் அடங்கும்.

கிரெய்னில் முள்கீறலும் உண்ணிக் கடியும் அம்மைத் தழும்பும் மிகுந்திருக்கும் தோலுக்கு வேறொரு வழி உண்டு. அத்தோல்கள் உப்புத்தாள் சுற்றிய உருளையில் கொடுக்கப்பட்டு மேற்பரப்பு மெல்லத் தேய்த்து அகற்றப்படுகிறது. இதைப் பஃபிங் என்பர். தழும்போடு சேர்ந்து ரோமக்கால்களின் இயற்கையான கோலமும் போய்விடுவதால், அதன்மேல் கனமான நிறப்பூச்சு கொடுத்து, சூடான தகட்டால் செயற்கைக் கோலம் பதிக்க வேண்டியிருக்கிறது. பார்வைக்குக் குறையில்லாத தோல் கிடைத்துவிடுகிறது. ஆனால் போன கிரெய்ன் திரும்புவதில்லை. கூடியவரை பஃபிங் செய்யாமல் விடுவதே மேல் என்று நல்ல தோலைக் கையாள்பவர்கள் கருதுவதற்கு இதுவே காரணம்.

கார்களின் வண்ணப்பூச்சுக்கும் இதேபோன்ற ஒரு மேற்தோல் உண்டு. இன்றைய கார் ஒன்றின் இரும்புத் தகட்டின்மேல் முதலில் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு மின்னோட்டத்தின் உதவியால் படியவைக்கப்படுகிறது; அதற்கு மேல் சமன்படுத்தும் பிரைமர், அதற்கு மேல் நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கண்ணாடி போன்ற கிளியர் கோட். நான்கும் சேர்ந்து ஏறத்தாழ 100 முதல் 140 மைக்ரான் கனமே இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதில் கிளியர் கோட்டின் பங்கு பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான் வரைதான். தலைமுடி ஒன்றின் குறுக்களவைக்கூட அது எட்டுவதில்லை. வெயிலின் புறஊதாக் கதிர்களைத் தான் உறிஞ்சிக்கொண்டு கீழே உள்ள நிறத்தைக் காப்பது இந்தப் படலம்தான். கோடையில் 40 பாகை செல்சியசை எளிதில் தாண்டும் வேலூர் வெயிலில், நிழலின்றி நிற்கும் ஒரு வண்டிக்கு இந்தப் படலத்தின் கனம் எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியிருந்தும் 'பாலிஷ்' என்றதும் பலரின் மனத்தில் எழும் படம், ரப்பிங் காம்பவுண்டைக் கையில் எடுத்து அழுத்தித் தேய்ப்பது. இப்பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் டுபான்ட் நிறுவனம் 1923இல் 'டூக்கோ' என்ற நைட்ரோசெல்லுலோஸ் பூச்சை அறிமுகப்படுத்தியது; ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் 1924ஆம் ஆண்டு ஓக்லண்ட் வண்டிகளில் அது பூசப்பட்டது. உலர வாரக்கணக்கில் நேரம் பிடித்த பழைய வார்னிஷ் பூச்சுகளை அது விரைவிலேயே ஓரங்கட்டியது. அந்தப் பெயர் நம் பட்டறைகளில் 'டூக்கோ பெயிண்ட்' என்று இன்றும் புழங்குகிறது. இத்தகைய பூச்சில் நிறமும் மேற்பரப்பும் ஒன்றே. வெயிலில் அது சுண்ணாம்புபோல் வெளுத்துப் பொடியும், பொடிந்த மேல் அடுக்கைத் தேய்த்து எடுத்தால் உள்ளே புதிய நிறம் தெரியும். அக்காலத்து வண்டிகளுக்குத் தேய்ப்பது சரியான மருத்துவமாக இருந்தது. கிளியர் கோட் உள்ள வண்டிக்கு அந்தப் பழைய மருத்துவத்தை ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை செய்வது, காக்க வேண்டியதைக் கரைப்பதாகும். வண்டியின் பூச்சு எந்த வகை என்றறிய ஓர் எளிய வழி இருக்கிறது: மறைவான ஒரு மூலையில் சிறிது பாலிஷ் இட்டு வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்தால், துணியில் வண்டியின் நிறம் ஏறினால் அது ஒற்றைப் பூச்சு, ஏறாவிட்டால் நிறத்தின்மேல் கிளியர் கோட் இருக்கிறது.

சுரண்டும் பாலிஷில் அலுமினியம் ஆக்சைடு போன்ற கடினமான நுண்துகள்கள் இருக்கும். கீறலின் இருபுறமும் உள்ள கரைகளை அவை அரைத்துத் தாழ்த்திக் கீறலின் அடிமட்டத்துக்குக் கொண்டுவருகின்றன. கீறல் உண்மையாகவே மறைகிறது, அதற்கு விலையாகப் படலம் சில மைக்ரான் மெலிகிறது. கிளேசில் அத்துகள்கள் இல்லை. எண்ணெய், மெழுகு, நிரப்பும் பொருள்கள் ஆகியவற்றை நீரிலோ கரைப்பானிலோ பால்போலக் குழைத்துத் தயாரிக்கும் அத்திரவம், கீறலின் கரையைத் தொடாமல் அதன் பள்ளத்தில் போய் அமர்கிறது. பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் இலையிலிருந்து கிடைக்கும் கார்னோபா மெழுகு காரின் மெருகுப் பொருள்களில் பெயர்பெற்றது. தோலுக்கான கேசீன் கலவைகளிலும் அதே மெழுகு இடம்பெறுவதுண்டு என்பது இவ்விரு தொழில்களின் உறவைக் காட்டும் சின்னஞ்சிறு செய்தி.

பள்ளம் நிரம்பினால் கீறல் கண்ணுக்குத் தெரியாமல் போவது ஏன் என்பதற்கு, பஜ்ஜி மடித்த செய்தித்தாளைப் பார்த்தால் போதும். எண்ணெய் படாத இடத்தில் தாள் வெண்மையாக இருக்கிறது, எண்ணெய் ஊறிய இடத்தில் அடுத்த பக்கத்து எழுத்தே தெரிகிறது. தாளின் நார்களுக்கு இடையே உள்ள காற்றுவெளிகளில் ஒளி திரும்பத் திரும்ப வளைந்து சிதறுவதே அந்த வெண்மை. காற்றின் ஒளிவிலகல் எண் 1, நாருக்கு ஏறத்தாழ 1.5, எண்ணெய்க்கும் அதை ஒட்டிய அளவு. எண்ணெய் காற்றின் இடத்தைப் பிடித்ததும் ஒளிக்குத் தடுமாற்றம் குறைந்து நேராக ஊடுருவுகிறது. கிளியர் கோட்டின் ஒளிவிலகல் எண்ணும் 1.5ஐ ஒட்டியதே என்பதால், எண்ணெய் நிரம்பிய கீறலில் ஒளி சிதறுவது பெரிதும் குறைந்து, அடியிலுள்ள நிறம் ஆழமாகவும் ஈரமானதுபோலவும் தோன்றுகிறது. கறுப்பு, கருநீலம் போன்ற அடர்ந்த நிறங்களில் இந்த மாற்றம் மிகுதியாகத் தெரியும். வெள்ளை வண்டியில் அவ்வளவாகத் தெரியாது.

வெயிலில் நிற்கும் கறுப்பு வண்டியில், சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலைபோல வட்ட வட்டமாகக் கோடுகள் மின்னுவதைப் பலரும் கண்டிருப்பர். உண்மையில் அக்கீறல்கள் வட்டமானவை அல்ல. எல்லாத் திசைகளிலும் தாறுமாறாக ஓடும் நுண்கோடுகளில், ஒளிப் புள்ளியைச் சுற்றி வளைந்த கோணத்தில் அமைந்தவை மட்டுமே கண்ணை நோக்கி ஒளியைத் திருப்பிவிடுவதால் வட்டம்போலத் தோன்றுகிறது. இவற்றுக்குப் பெரும்பாலும் காரணம் கற்களோ விபத்தோ அல்ல, காலைதோறும் செய்யப்படும் துடைப்புதான். ஒரே வாளி நீரில் ஒரே துணியை முக்கி நான்கைந்து வண்டிகளைத் துடைக்கும்போதும், புழுதி படிந்த வண்டியைக் காய்ந்த துணியால் தட்டும்போதும், கிளியர் கோட்டைவிடப் பன்மடங்கு கடினமான மணல்துகள் துணியோடு சேர்ந்து இழுபடுகிறது. அன்போடு செய்யும் பராமரிப்பே சேதமாவது வருத்தத்துக்குரியது. அச்சேதத்தை நீக்க மேலும் தேய்ப்பது அதைவிட வருத்தத்துக்குரியது. நகத்தை ஓட்டிப் பார்த்தால் தட்டுப்படாத இத்தகைய மெல்லிய கீறல்களுக்குத்தான் கிளேஸ் ஏற்றது.

அதன் எல்லையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நகத்தில் தட்டும் ஆழமான கீறல், உதிர்ந்த பூச்சு, பறவை எச்சத்தின் அமிலம் அரித்த தடம் ஆகியவற்றை அது குணப்படுத்தாது. சோப்புநீரில் சில முறை கழுவியதும் கரைந்து போகும். மழைக்காலத்தில் இன்னும் விரைவில் போகும். ஆகவே அதன்மேல் மெழுகுப் பூச்சு ஒன்று கொடுத்து மூடுவது வழக்கம். செராமிக் கோட்டிங் செய்ய நினைப்பவர்கள் கிளேசை முழுமையாக நீக்கிவிட வேண்டும். எண்ணெய்ப் பசை இருக்கும் பரப்பில் அந்தப் பூச்சு பிடிக்காது. சிலிக்கோன் கலந்த கிளேஸ் பட்ட இடத்தில் பின்னாளில் மறுபூச்சு அடித்தால், பெயிண்ட் ஒட்டாமல் விலகிச் சிறுசிறு குழிகள் விழும். பெயிண்டர்கள் இதை மீன்கண் என்பார்கள்.

பழைய வண்டி வாங்குவோர் மற்றொன்றையும் அறிந்திருப்பது நல்லது. விற்பனைக்கு முந்தைய நாள் பூசிய கிளேஸ், பல ஆண்டுக் கீறல்களை ஒருவார காலத்துக்கு மறைக்க வல்லது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சரிபாதி நீரில் கலந்து ஒரு சாண் அகலத்துக்கு மென்மையாகத் துடைத்து, டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால், நிரப்பியது கரைந்து உண்மைநிலை தெரிந்துவிடும். கிளேஸ் பூசியதைச் சொல்லி விற்பது மெருகு. சொல்லாமல் விற்பது ஏமாற்று என்றே கொள்ள வேண்டும்.

இப்பகுதி வண்டிகளுக்குத் தனியாக ஒரு தொல்லை நீரால் வருகிறது. பச்சைத்தோல் அழுகாமலிருக்க அதன் எடையில் ஏறத்தாழ 30 முதல் 40 விழுக்காடு உப்பு இடப்படுகிறது; தோலை ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பு கழிவுநீரில் இறங்கி, பல பத்தாண்டுகளாகப் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரை உவராக்கியிருக்கிறது. இந்த மாசை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் ஒரு மைல்கல்லாக அமைந்தது. உவரான அந்த நீரைக் குடிக்கவும் பயிருக்கு இறைக்கவும் முடியாமல் போனவர்களின் துன்பத்துக்கு முன் கார் கழுவும் சிக்கல் மிகச் சிறியதே. ஆயினும் ஆழ்துளைக் கிணற்று நீரில் கழுவி வெயிலில் உலரவிட்ட வண்டியில், நீர் ஆவியாகி, உப்பும் சுண்ணாம்புச் சத்தும் வெள்ளை வளையங்களாகத் தங்கிவிடுகின்றன. கிளேஸ் இந்த வளையங்களை நீக்காது. அவற்றின்மேல் பூசினால் அவை உள்ளே அடைபட்டுக் கிடக்கும். நீர்த்த வினிகரால் முதலில் அவற்றைக் கரைத்துக் கழுவி, ஈரம் காயுமுன் துடைத்துவிட வேண்டும். அவ்வாறு துடைக்க உலகெங்கும் பயன்பட்ட பழைய பொருளும் ஒரு தோலே: மீனெண்ணெயால் பதனிட்ட ஆட்டுத்தோலின் உட்பிளவான ஷாமாய், தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை உறிஞ்சவல்லது.

கிளேசைப் பூசுவதற்கு அதிகாலையோ மாலை நிழலோ ஏற்ற நேரம். தொட்டால் சுடும் பானெட்டில் அது பூசிய மாத்திரத்தில் காய்ந்து திட்டுத்திட்டாகப் பிடித்துக்கொள்ளும். ஒரு ரூபாய் நாணயத்தளவு திரவத்தைப் பஞ்சில் எடுத்து, ஒரு கதவின் பாதியளவுக்கு மேல் பரப்பாமல், அழுத்தம் கொடுக்காமல் தடவி, மங்கலான படலமாக மாறியதும் வேறொரு மென்துணியால் எடுத்துவிட வேண்டும். அழுத்தினால் பலன் கூடும் என்ற எண்ணம் இங்கே உதவாது. நிரப்பும் வேலையில் கைவலிமைக்கு இடமில்லை.

கிளேசிங் இயந்திரத்தின் கண்ணாடி உருளையில் கடுகளவு சில்லு பெயர்ந்திருந்தாலும் ஒவ்வொரு வீச்சிலும் தோலில் ஒரு கோடு விழுந்துகொண்டே போகும். அதைக் கண்டுபிடிக்குமுன் பத்துத் தோல் பாழாகியிருக்கும். காரைத் துடைக்கும் துணியின் நிலையும் அதுவே. கை நழுவித் தரையில் விழுந்த துணியை உதறிவிட்டு மீண்டும் வண்டியின்மேல் வைப்பவர், துகளே இல்லாத கிளேசுக்குத் தம் கையாலேயே மணலைச் சேர்த்துக்கொடுக்கிறார். அந்தத் துணியை ஒதுக்கிவைத்து, தூய துணி ஒன்றை மடித்தெடுத்து அடுத்த கதவுக்குச் செல்ல அரை நிமிடம் போதும்.