செய்திப் பொதிகளின் பாதை: சில்லா, நிரலா?

மும்பை மாநகரின் மாட்டுங்காவிலிருந்து செம்பூருக்குச் செல்லும் பிரயாணி, மத்திய ரயில்வேயின் மின்சார வண்டியில் ஏறி, சயான் நிலையத்தைக் கடந்து, குர்லாவில் இறங்கித் துறைமுகப் பாதை வண்டிக்கு மாறுவார். தாராவி மக்களும் சயானில் ஏறி இவ்வழியே செல்வதுண்டு. இத்தகைய சந்திப்பு நிலையங்களில் பிரயாணிகளுக்கு வழிகாட்ட இரு ஏற்பாடுகள் உண்டு. ஒன்று அறிவிப்புப் பலகை. மற்றொன்று விசாரணைச் சாளரம். பலகையை ஆயிரம் பேர் ஒரே சமயத்தில், நடையைத் தளர்த்தாமலே படித்துச் செல்லலாம். ஆனால் அதில் எழுதப்பட்டிருப்பதற்கு மேல் அது எதனையும் கூறாது. சாளரத்தில் அமர்ந்திருப்பவரோ எவ்வகைக் கேள்விக்கும் விடை தருவார். எனினும் ஒருவர் பின் ஒருவராகவே அவரை அணுக இயலும்.

கணிப்பொறி வலையமைப்புகளில் செய்திகளுக்கு வழிகாட்டும் ஸ்விட்ச் என்னும் சாதனத்தினுள்ளும் இவ்விரு ஏற்பாடுகளே அமைந்துள்ளன. பலகையின் பணியை விசேஷமாக வடிவமைக்கப்பட்ட சில்லு செய்கிறது. சாளரத்தின் பணியைப் பொதுச் செயலியும் அதில் இயங்கும் நிரலும் செய்கின்றன. எந்தப் பணி எவரிடம் செல்கிறது என்பதைப் பொறுத்தே வலையமைப்பின் வேகமும், சில வேளைகளில் அதன் உயிரும் அமைகின்றன.

கொள்கைவழிப் பாதை

வலையமைப்பில் செல்லும் செய்தி சிறு சிறு பொதிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி முதலிய விவரங்கள் உள்ளன. சாதாரணமாக, பெறுநர் முகவரி ஒன்றைப் பார்த்தே வழி தீர்மானிக்கப்படுகிறது. ஆயினும் இது எப்போதும் போதுமானதன்று. இரண்டு இணைப்புகள் உடைய ஒரு கல்லூரியை எண்ணிக்கொள்வோம். ஆராய்ச்சிக்கூடத்தின் பொதிகள் தேசிய அறிவு வலையமைப்பின் வழியாகவும், மாணவர் விடுதியின் பொதிகள் தனியார் இணைப்பின் வழியாகவும் செல்லவேண்டும் என்று நிர்வாகம் முடிவு செய்கிறது. இரண்டும் சென்றடையும் இடம் ஒன்றாகவே இருக்கலாம்; எனவே பெறுநர் முகவரி இங்கே உதவாது. அனுப்புநர் யார், செய்தி எவ்வகையைச் சேர்ந்தது என்பவற்றையும் ஆராயவேண்டும். இவ்வாறு நிர்வாகம் வகுத்த விதிகளின்படி வழி தேர்வதே கொள்கைவழிப் பாதையமைப்பு ஆகும்.

9600 பிட் காலமும் இன்றும்

1986ஆம் ஆண்டில் எர்னெட் என்னும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு தொடங்கியபோது, பவாயிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகமும், ஜூஹுவில் இயங்கிய தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமும் அதில் பங்கேற்றன. இம்மையமே 1989ஆம் ஆண்டில் அமெரிக்காவுடன் விநாடிக்கு 9600 பிட் வேகமுள்ள இணைப்பைப் பெற்றது. 1500 பைட் கொண்ட ஒரு பொதி, அதாவது 12,000 பிட், அந்தக் கம்பியில் ஏறுவதற்கு 1.25 விநாடி பிடித்தது. அதற்குள் ஒரு நிரல் எத்தனை விதிகளையும் ஆற அமரப் பரிசீலித்துவிடலாம். ஆகவே அக்காலத்தில் நிரலே போதுமானதாயிருந்தது.

இன்று விநாடிக்கு 1000 கோடி பிட் செல்லும் இணைப்பில் அதே பொதி 1.2 மைக்ரோ விநாடியில் கடந்துவிடுகிறது. மிகச் சிறிய பொதிகள் அடுத்தடுத்து வருமாயின் ஒன்றுக்கொன்று இடைவெளி 67 நானோ விநாடியே. விநாடிக்கு ஏறத்தாழ 1 கோடியே 48 இலட்சம் பொதிகள் வரக்கூடும். பொதுச் செயலி தன் முதன்மை நினைவகத்திலிருந்து ஒரு விவரத்தை எடுத்துவருவதற்கே 50 முதல் 100 நானோ விநாடி ஆகலாம். ஒரு விவரத்தை எடுப்பதற்குள் அடுத்த பொதி வாயிலில் வந்து நிற்கும் என்றால், விதிகளை ஒவ்வொன்றாக ஆராய நேரம் ஏது?

சில்லு இயங்கும் முறை

இதற்கெனவே டிகேம் என்னும் தனிவகை நினைவகம் சில்லினுள் அமைக்கப்படுகிறது. சாதாரண நினைவகத்திடம், "இந்த இடத்தில் என்ன உள்ளது?" என்று கேட்கிறோம். டிகேம் நினைவகத்திடமோ, "இந்த விவரம் எந்த இடத்தில் உள்ளது?" என்று கேட்கிறோம். அது தன்னிடமுள்ள விதிகள் அனைத்தையும் ஒரே சமயத்தில் ஒப்பிட்டு, பொருந்துவனவற்றுள் முதலாவதைக் காட்டுகிறது. பத்து விதிகளாயினும் ஆயிரம் விதிகளாயினும் நேரம் ஒன்றே. ஒவ்வொரு பிட்டுக்கும் 0, 1, "எதுவாயினும் சரி" என்னும் மூன்று நிலைகளை அது ஏற்கும்.

இவ்வாற்றலுக்கு விலையும் உண்டு. சாதாரண விரைவு நினைவகத்தில் ஒரு பிட்டுக்கு 6 டிரான்சிஸ்டர்கள் போதும். வழக்கமான டிகேம் அமைப்பில் 16 வேண்டும். மின்சாரமும் வெப்பமும் அதிகம். ஆகவே இடம் அளவோடுதான் வழங்கப்படுகிறது. மேலும், எண் வரம்பு ஒன்றை அப்படியே எழுத அதற்கு வழியில்லை. 1024 முதல் 65,535 வரையுள்ள துறை எண்கள் என்னும் ஒரே விதி 6 வரிகளாக விரியும். 1 முதல் 65,534 வரை என்று எழுதினாலோ 30 வரிகளாகும்.

இடர் எழுவது எங்கே?

சில்லுக்குப் புரியாத நிபந்தனையை ஒரு விதி கேட்கலாம். பொதியின் நீளத்தைப் பார்த்து வழி தேர்க என்பது போன்றது அது. அல்லது டிகேம் நினைவகம் நிரம்பிப் போகலாம். அப்போது பல சாதனங்கள் கட்டளையை மறுப்பதில்லை. பொதிகளை மட்டும் சாளரத்திற்கு, அதாவது பொதுச் செயலிக்கு, அனுப்பிவிடுகின்றன. சோதனையின்போது நாலைந்து கணிப்பொறிகளே இயங்குவதால் யாவும் செவ்வனே நடப்பதாகத் தோன்றும். மறுநாள் காலை எல்லா வகுப்பறைகளும் திறந்ததும் உண்மை வெளிப்படும்.

தாமதம் மட்டுமே இதன் விளைவன்று. அண்டைச் சாதனங்களுடன் தொடர்பைக் காப்பதும் அதே செயலியின் கடமை. ஓஎஸ்பிஎஃப் என்னும் நெறிமுறையில் வழக்கமாக 10 விநாடிக்கு ஒருமுறை நலம் விசாரிக்கும் செய்தி அனுப்பப்படுகிறது. 40 விநாடி வரை அது வாராவிடில், அண்டைச் சாதனம் மறைந்துவிட்டதாகக் கொண்டு பாதைகள் நீக்கப்படும். விடுதியின் பொதிகளால் திணறும் செயலி இச்செய்தியைத் தவறவிட்டால், விதிக்குச் சற்றும் தொடர்பில்லாத ஆய்வகமும் நூலகமும் அலுவலகமும் சேர்ந்தே துண்டிக்கப்படும். ஒரு வரி விதியால் ஒரு வளாகமே இருளில் ஆழ்வது இவ்விதமே.

களப்பணியாளர் கவனத்திற்கு

எந்த நிபந்தனைகளைச் சில்லு நிறைவேற்றும் என்பதை, அந்தந்த மாதிரிக்கு உரிய கையேட்டில் முதலில் காணவேண்டும். ஒரே நிறுவனத்தின் இரு மாதிரிகளும் இதில் வேறுபடும். சில சாதனங்களில் கொள்கை விதிகளுக்கென நினைவகத்தை முன்கூட்டி ஒதுக்கி, சாதனத்தை மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும். முகவரியைப் பார்த்து அடுத்த சாதனத்தைச் சுட்டும் எளிய விதிகளே பெரும்பாலும் சில்லில் இடம்பெறும். விதியை ஏற்றியபின், நெரிசல் மிக்க நேரத்தில் செயலியின் சுமையையும் டிகேம் நிரம்பிய அளவையும் குறித்துவைத்தல் நலம். செயலியை அடையும் பொதிகளுக்கு வரம்பு விதிக்கும் வசதி இருப்பின் அதனையும் அமைத்தல் வேண்டும்.

நிரலின் காலம் முடிந்துவிட்டது என்று கருதலாகாது. பல உள்ளகங்கள் கொண்ட செயலிகளும், லினக்ஸ் அமைப்பில் தோன்றிய புதிய முறைகளும் நிரலின் வேகத்தை வெகுவாக உயர்த்தியுள்ளன. மறுபுறம், நிரல் எழுதி மாற்றத்தக்க சில்லுகளும் வந்துள்ளன. பலகைக்கும் சாளரத்திற்கும் இடையேயுள்ள தூரம் குறைந்து வருகிறது. ஆயினும் மாணவருக்கு ஆசிரியர் உணர்த்தவேண்டிய அடிப்படை மாறவில்லை: பலருக்கும் பொதுவான கேள்வியின் விடையைப் பலகையில் எழுதிவைக்க வேண்டும், அரிதாக எழும் கேள்வியையே சாளரத்திற்கு விடவேண்டும். மாலை வேளையில் குர்லா நிலையம் நெரிசலிலும் நகர்ந்துகொண்டிருப்பது, ஒவ்வொருவரும் சாளரத்தின்முன் நிற்காததனால் அன்றோ!