ஆளை எண்ணும் சட்டம் உயரத்தை அளப்பது எப்போது?

இரும்பையிலும் சுற்றியுள்ள காலனிகளிலும் இருந்து காலையில் புறப்படும் கூட்டத்தில் பாதிப் பேர் கையில் கரண்டியும் மட்டப்பலகையும் இருக்கும். புதுச்சேரியிலோ ஆரோவில்லிலோ கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளிலோ கட்டடம் எழும்பினால், கொத்தனாராகவும் சித்தாளாகவும் நிற்பவர்களில் நம் மக்கள் பலர். மழை பிடித்து மரக்காணம் உப்பளம் ஓய்ந்தால், உப்பு வாரிய கைகளும் இந்த வேலையையே தேடுகின்றன. இந்தக் கரையில் விளையும் சவுக்குக் கம்பில்தான் சாரம் கட்டுகிறோம். கட்டிய கயிறு நழுவினால் ஒரு குடும்பமே தெருவுக்கு வரும்.

இதே ஊர்ப் பிள்ளை சிங்கப்பூர் போனால், பாதுகாப்புப் பயிற்சியில் தேறாமல் கட்டுமான வேலைக்கு அனுமதி அட்டை கிடைக்காது. 3 மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள ஆபத்தான வேலைக்கு எழுத்துமூல அனுமதி வேண்டும். அமெரிக்காவில் கட்டுமானத்தில் 6 அடி உயரம் வந்தாலே தடுப்போ, வலையோ, பெல்ட்டோ கட்டாயம். பிரிட்டனின் 2005-ஆம் ஆண்டு விதியில் உயர வரம்பே இல்லை. விழுந்தால் காயம்படும் என்றால் அதுவே போதும்.

வெளிநாடு சொர்க்கம் என்று நாம் சொல்லவில்லை. அங்கிருந்தும் நம்மவர்கள் சவப்பெட்டியில் வந்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சட்டங்கள் உயரத்தை அளக்கின்றன. நம் சட்டமோ முதலில் ஆளை எண்ணுகிறது.

1996-ஆம் ஆண்டு கட்டடத் தொழிலாளர் சட்டம் 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்துக்கே பொருந்தியது. 10 லட்சம் ரூபாய் வரையிலான சொந்த வீட்டு வேலைக்கும் விலக்கு அளித்தது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே 10 பேர் கணக்குதான். சொந்த வீட்டு விலக்கு மட்டும் 50 லட்சமாக உயர்ந்துவிட்டது. மேஸ்திரியோடு நாலைந்து பேராகப் போகும் நம் ஆட்கள் இந்தக் கணக்கில் எங்கே வருவார்கள்?

இதில் ஒரு வேதனை உண்டு. 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் 12 அடி உயரக் கட்டடம் என்று அடிக்கணக்கு இருந்தது. செத்த பிறகு பணம் கொடுக்க உயரத்தை அளந்தவர்கள், சாகாமல் காக்க மட்டும் தலையை எண்ணுகிறார்கள்.

2014 ஜூன் 28-இல் சென்னை மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தபோது நாடே பேசியது. சாரத்திலிருந்து ஒற்றை ஆளாக விழுபவன் செய்தித்தாளில் நாலு வரி.

வீடு கட்டும் ஏழையின் தலையில் சுமையை ஏற்றுவதா என்று கேட்பார்கள். வேண்டாம். பிரிட்டனில் 2015 விதிப்படி, தன் வீட்டைக் கட்டுபவரின் பாதுகாப்புப் பொறுப்பு பொதுவாக ஒப்பந்தக்காரருக்குப் போய்விடுகிறது. இங்கும் அப்படிச் செய்யலாம்.

வரைபட அனுமதியின்போது உள்ளாட்சிகள் நல வாரியத்துக்காக 1 சதவீத நிதி வாங்குகின்றன. அந்த மேசையிலேயே ஒப்பந்தக்காரரிடம் பெல்ட், ஹெல்மெட், உறுதியான சாரம் ஆகியவற்றுக்கு எழுதி வாங்கட்டும். நல வாரியத்தில் இன்னும் பதியாதவர்கள் உடனே பதிந்துகொள்ள வேண்டும்.

1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தவர் அண்ணல் அம்பேத்கர். அவர் படத்தைக் காலனிதோறும் வைத்திருக்கும் நாம், இந்த 10 பேர் கணக்கை மாற்றச் சொல்லிக் கேட்காமல் யார் கேட்பது?