புலிவார்டு ரோட்டுல புலி இல்ல, கோட்டை இருக்கு

ஜீயபுரத்துல காலை பாசஞ்சர் ஏறினா அடுத்து முத்தரசநல்லூர், அதுக்கப்புறம் திருச்சி கோட்டை ஸ்டேஷன். நாலு வருஷமா அங்க இறங்கித்தான் காலேஜுக்கு வர்றேன். ஒரு நாள்கூட "கோட்டை எங்க?"ன்னு யோசிச்சதில்ல. உச்சிப்பிள்ளையார் இருக்கிற மலையைத்தான் கோட்டைன்னு சொல்றாங்கன்னு விட்டுட்டேன்.

இதுல கொஞ்சம் வெட்கமான விஷயம் ஒண்ணு இருக்கு. சிரியாவுல இருக்கிற ஒரு கோட்டை எப்படிக் கட்டியிருக்காங்கன்னு எனக்கு நல்லாத் தெரியும். ஸ்கூல் படிக்கும்போது அசாசின்ஸ் கிரீட் விளையாடி, அதுலேர்ந்து சிலுவைப்போர் பைத்தியம் பிடிச்சு, யூடியூப்ல தேடித் தேடிப் பார்த்தது. அந்தக் கோட்டை பேரு கிராக் தெ செவாலியே. முதல்ல அதைப் பத்திச் சொல்லிடறேன். நம்ம ஊருக்கு வர அதுதான் குறுக்கு வழி.

1142-ல இந்த இடம் ஹாஸ்பிட்டலர்ங்கிற கிறிஸ்தவ வீரத் துறவிகள் கைக்கு வந்தது. அவங்க பிரச்சினை ரொம்ப சிம்பிள்: ஆள் கம்மி, சுத்தி எதிரி அதிகம். ஆள் பத்தாத இடத்துல கல்லுதான் வேலை பார்க்கணும். அதனால ஒரு மதிலுக்குள்ள இன்னொரு மதில் கட்டினாங்க. உள் மதில் உயரம், வெளி மதில் தாழ்வு. உள்ள நிக்கிறவன் வெளி மதிலுக்கு மேலாகவே எதிரியை அடிக்கலாம். ஒருவேளை எதிரி வெளி மதிலைப் பிடிச்சிட்டாலும் அவன் ஜெயிக்கல. ரெண்டு சுவருக்கு நடுவுல, தலைக்கு மேல அம்பு வர்ற இடத்துல மாட்டிக்கிட்டு நிக்கிறான். சிஎஸ்இ மக்களே, செக்யூரிட்டி பேப்பர்ல டிஃபென்ஸ் இன் டெப்த்னு படிச்சீங்களே, அது இதுதான்.

இப்ப திருச்சிக்கு வாங்க. இங்க கோட்டை கட்டின பெருமையை மதுரை நாயக்க வம்சத்தின் விசுவநாத நாயக்கருக்குக் கொடுக்கிறாங்க. 16-ம் நூற்றாண்டு. அது வெறும் மலை மேல இருந்த கோட்டை இல்ல. மலை ஒரு மூலையில நிக்க, ஊரையே சுத்தி வளைச்ச கோட்டை. ராபர்ட் ஓர்ம்னு கம்பெனி காலத்து வரலாற்று ஆசிரியர் 18-ம் நூற்றாண்டுல இதோட அளவுகளை எழுதி வச்சிருக்கார். கிழக்கு, மேற்குப் பக்கங்கள் கிட்டத்தட்ட 2000 கெஜம், வடக்கு, தெற்குப் பக்கங்கள் சுமார் 1200 கெஜம்.

ஒரு பேப்பர் எடுத்து செக்‌ஷன் வரைஞ்சு பாருங்க. வெளியிலேர்ந்து உள்ளே: 30 அடி அகலம், 12 அடி ஆழத்துக்கு அகழி. அப்புறம் 18 அடி உயர வெளி மதில், தடிமன் வெறும் 5 அடி. அதுக்கப்புறம் 25 அடி இடைவெளி. கடைசியா 30 அடி உயர உள் மதில். ரெண்டு மதில்லயும் சம தூரத்துல வட்டமான கொத்தளங்கள்.

கிராக் மாதிரியே இருக்குல்ல? யாரும் யாரையும் காப்பி அடிக்கல. ஒரே கேள்விக்கு ரெண்டு ஊர்ல ஒரே விடை.

கொத்தளம் ஏன் வட்டமா இருக்கணும்? சதுரமா இருந்தா அதோட மூலைக்கு முன்னாடி ஒரு துண்டு இடம் பக்கத்துக் கொத்தளத்துல இருக்கிறவன் கண்ணுக்குப் படாது. எதிரி அங்க ஒளிஞ்சுக்கிட்டு அடியில தோண்டலாம். வட்டமா இருந்தா அந்த மறைவு ரொம்பவே குறைஞ்சிடும். வெளி மதிலுக்கு இன்னொரு விசேஷம்: மேல ஏறி நின்னு சண்டை போட நடைமேடையே கிடையாது. பலவீனம் மாதிரி தெரியும். ஆனா ஏறி வர்ற எதிரிக்கும் அங்க நிக்க இடம் இல்லன்னு யோசிச்சுப் பாருங்க.

இந்த டிசைனுக்கு ஒரு லைவ் டெஸ்ட் நடந்திருக்கு. 1753 நவம்பர் கடைசி. உள்ள நவாப் முகமது அலி பக்கம் நின்ன ஆங்கிலேயப் படை. வெளிய பிரெஞ்சுக்காரங்களும் மைசூர்ப் படையும். விடியறதுக்கு முன்னாடி, இருட்டுல, பிரெஞ்சு வீரர்கள் ஏணி வச்சு மேற்குப் பக்கம் இருந்த டால்டன் பேட்டரியில ஏறிட்டாங்க. தூங்கிட்டிருந்த காவலை முடிச்சாச்சு. சத்தம் போடக்கூடாதுன்னு உத்தரவு. ஆனா ஜெயிச்சுட்டோம்ங்கிற சந்தோஷத்துல, அங்க இருந்த பீரங்கியையே ஊர்ப் பக்கம் திருப்பிச் சுட்டாங்க. ஊரே முழிச்சுக்கிச்சு. உள் வாசலை வெடி வச்சுத் திறக்கவும் முடியல. உள் மதில் மேலேர்ந்து குண்டு மழை. விடிஞ்சப்போ 300 பேருக்கும் மேல கைதி. வெளி மதில் அவங்களைத் தடுக்கல, உள்ள விட்டு மாட்ட வச்சது.

அதுக்காக மதில் மேல மதில் கட்டினா போதும்னு நினைக்காதீங்க. ஸ்ரீரங்கத்துல ஏழு பிராகாரம் இருக்கு. கோவில் மதில்தான், ஆனா 1752-ல சந்தா சாகிபும் பிரெஞ்சுத் தளபதி லாவும் அதைக் கோட்டையா நினைச்சு உள்ள போனாங்க. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல தீவு. கிளைவ் சமயபுரத்துல போய் உக்காந்து வடக்கு வழியை அடைச்சார். வெளியிலேர்ந்து உதவி வரல. ஜூன் மாசம் லா சரணடைஞ்சார். கிராக்கும் 1271-ல இப்படித்தான் முடிஞ்சது. சுல்தான் பைபர்ஸ் முற்றுகை போட்டார், உள்ள ஆள் கம்மி, உதவிக்கு யாரும் இல்ல. கடைசியில பேச்சுவார்த்தை நடத்தி ஒப்படைச்சாங்க. கல்லு நேரத்தை வாங்கித் தரும், அவ்வளவுதான். அந்த நேரத்துக்குள்ள யாராவது வந்தாகணும்.

சரி, நம்ம மதில் எங்க போச்சு? யாரும் குண்டு போட்டு அழிக்கல. 19-ம் நூற்றாண்டுல மதிலை இடிச்சு, அகழியைத் தூர்த்து, ரோடு போட்டாங்க. அதுதான் மேலப்புலிவார்டு ரோடும் கீழப்புலிவார்டு ரோடும். சின்ன வயசுல அங்க புலி இருந்துச்சுன்னு நான் நம்பிட்டிருந்தேன். அது புலி இல்ல, புலவார்டு. பிரெஞ்சு வார்த்தை. கோட்டை அரணைக் குறிக்கிற ஒரு பழைய டச்சு வார்த்தையிலேர்ந்து வந்தது. பாரிஸ்லயும் மதிலை இடிச்ச இடத்துல போட்ட ரோட்டுக்குத்தான் முதல்ல அந்தப் பேரு. ஆக, ரோட்டோட பேருக்குள்ளயே கோட்டை இருக்கு. டவுன் பஸ்ல நாம தினமும் அகழி மேலதான் போறோம்.

கிராக் 2006-ல யுனெஸ்கோ பட்டியலுக்கு வந்தது. உள்நாட்டுப் போர்ல அடிபட்டு 2013-ல ஆபத்துப் பட்டியலுக்கும் போச்சு. அதைப் பத்தி உலகமே கவலைப்பட்டது, நானும் பட்டேன். நம்ம கோட்டை வாசல்ல முக்கியமா மிச்சம் இருக்கிறது மெயின் கார்டு கேட். அதுக்கு முன்னாடி நின்னு எத்தனையோ தடவை ஜூஸ் குடிச்சிருக்கேன், நிமிர்ந்து பார்த்ததில்ல.

இன்னும் சில மாசத்துல நான் வேலைக்கு வேற ஊர் போயிடுவேன். ஜூனியர்ஸ், உங்களுக்கு இன்னும் டைம் இருக்கு. ஒரு ஞாயித்துக்கிழமை காலையில, கடை திறக்கிறதுக்கு முன்னாடி, மெயின் கார்டு கேட்ல ஆரம்பிச்சு மேலப்புலிவார்டு ரோடு முழுக்க நடந்து பாருங்க. எந்தக் கை பக்கம் ஊர், எந்தக் கை பக்கம் எதிரின்னு யோசிச்சுக்கிட்டே நடங்க. அடுத்த தடவை கோட்டை ஸ்டேஷன்ல இறங்கும்போது, "கோட்டை எங்க?"ன்னு யாராவது கேட்டா உங்களுக்குச் சொல்லத் தெரியும்.