சிரிக்க வைத்த சிறை முகாமும் சிரிக்க முடியாத சயாம் ரயிலும்

யுத்தக் கைதிகளின் முகாம் என்றால் முள்கம்பி வேலி, காவல் கோபுரம், பசி, அடி என்றுதான் நம் மனம் எண்ணும். அதை வைத்துச் சிரிப்பு நாடகம் போட முடியுமா? அமெரிக்காவிலே போட்டார்கள். 1965 செப்டம்பரில் தொடங்கி 1971 ஏப்ரல் வரை, 168 பகுதிகள் டெலிவிஷனில் ஓடின. அந்தத் தொடரின் பெயர் 'ஹோகன்ஸ் ஹீரோஸ்'.

கதை இதுதான். ஜெர்மனியில் ஒரு கைதி முகாம். உள்ளே நேச நாட்டுப் போர் வீரர்கள். முகாமுக்கு அடியிலே சுரங்கம் வெட்டி, ஜெர்மானியரின் ரகசியங்களை வெளியே அனுப்புகிறார்கள். முகாம் அதிகாரி கிளிங்க் ஒரு வீண் பெருமைக்காரர். காவலாளி ஷுல்ட்ஸ் கண்ணால் கண்டதையும் காணாததுபோல் இருந்துவிடுவார். வம்பு எதற்கு என்ற நினைப்பு அவருக்கு!

வேடம் போட்டவர்கள் யார்?

ஹிட்லரின் கொடுமையைக் கேலிப்பொருளாக்கலாமா என்று அப்போதே சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நடித்தவர்களின் கதையைக் கேட்டால் யாரும் வாயடைத்துப் போவார்கள்.

கிளிங்க்காக நடித்த வெர்னர் கிளெம்பரர் ஒரு யூதர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-லேயே குடும்பத்தோடு ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். கிளிங்க் ஒருபோதும் ஜெயிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வேடத்தை ஒப்புக்கொண்டார். அந்த நடிப்புக்கு இருமுறை எம்மி விருதும் பெற்றார். ஷுல்ட்ஸாக வந்த ஜான் பேனரும் ஆஸ்திரியாவிலிருந்து தப்பிவந்த யூதரே.

பிரெஞ்சுக் கைதியாக நடித்த ராபர்ட் கிளேரியின் கதை இன்னும் கொடியது. 1942-ல், 16 வயதில், பாரிஸிலிருந்து நாஜிகளால் கொண்டு செல்லப்பட்டார். பெற்றோர் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார்கள். இவர் புகன்வால்ட் முகாமிலிருந்து 1945 ஏப்ரலில் உயிரோடு மீண்டார். கையிலே பச்சை குத்திய எண் கடைசிவரை இருந்தது. பல காலம் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை என்று சிலர் சொல்லக் கிளம்பியதும், 1980 முதல் பள்ளி பள்ளியாகப் போய்ப் பேசினார். 2022-ல், 96-வது வயதில் மறைந்தார்.

கிழக்கே நடந்தது

அதே யுத்தத்தின் கீழ்த்திசைக்கு வருவோம். அங்கே நம்மவர் இருந்தார்கள்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட அவர்கள் முனைந்தார்கள். சுமார் 60,000 நேச நாட்டுக் கைதிகளைக் காட்டுக்கு அனுப்பினார்கள். போதவில்லை. மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்களைத் திரட்டினார்கள். ரப்பர் ஏற்றுமதி நின்று, தோட்டங்களில் வேலையின்றி இருந்த காலம் அது. நல்ல சம்பளம், சில மாதத்தில் வீடு திரும்பலாம் என்று ஆசை காட்டினார்கள். ஆள் சேராத இடங்களில் இலவசப் படம் காட்டுவதாகக் கூட்டி, கதவை அடைத்து, ரயிலேற்றியதாகவும் பதிவுகள் உண்டு.

பசி, அடி, மலேரியா, 1943 மழைக்காலத்தில் காலரா! ராணுவக் கைதிகளோடு அவர்களுடைய டாக்டர்கள் இருந்தார்கள், கட்டுக்கோப்பு இருந்தது. தோட்டத் தொழிலாளிக்கு அதுவும் இல்லை. 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. கைதிகளில் 12,000 பேருக்கு மேல் மாண்டிருந்தார்கள். ஆசியத் தொழிலாளரிலோ 90,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. தமிழர், பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர் எல்லோரும் இதில் அடக்கம்.

பெயர் இல்லாதவர்கள்

தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க் கைதிகளுக்குக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. சுமார் 7,000 கல்லறைகள், வரிசை வரிசையாக. தொழிலாளிகளுக்கு அப்படிப் பெயர் பொறித்த வரிசைகள் இல்லை. இந்தப் பாதையைப் பற்றி 1957-ல் வந்த 'குவாய் நதிப் பாலம்' ஆங்கிலப் படம் உலகப் புகழ் பெற்றது. நம் இலங்கையின் கித்துல்கலையில்தான் படமாக்கினார்கள். அதிலும் மலேயாத் தமிழனின் கதை இல்லை. மலேசிய எழுத்தாளர் ஆர்.சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று ஒரு நாவல் எழுதியதால், ஓரளவு நமக்குத் தெரிகிறது.

மூணாறு, பீர்மேடு, வண்டிப்பெரியாறு, நெல்லியாம்பதி பக்கம் வாழும் நம் மக்களுக்கு இது தூர தேசத்துக் கதை அல்ல. கங்காணி ஆள்கட்டி அழைத்துப் போன தமிழன்தான் இங்கே தேயிலைக்கு வந்தான். அங்கே ரப்பருக்குப் போனான். இங்கும் லயம், அங்கும் லயம். கப்பலேறியவன் சயாம் காட்டில் மாண்டான். மலையேறியவன் பிழைத்தான். வித்தியாசம் அவ்வளவுதான்.

கிளெம்பரரும் கிளேரியும் தங்களை வதைத்தவர்களைப் பார்த்து உலகத்தையே சிரிக்க வைத்தார்கள். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் இருந்தது. ஏனென்றால் அவர்கள் பட்ட துன்பம் உலகுக்குத் தெரிந்திருந்தது. நம் துன்பம் இன்னும் முழுமையாகச் சொல்லப்படவே இல்லை. சிரிப்பதற்கு முன் சொல்ல வேண்டும்.

ஆகவே வாசகர்களே, உங்கள் வீட்டில் மலேயா போன பாட்டன், பெரியப்பன் யாராவது உண்டா? யுத்தத்தோடு கடிதம் நின்றுபோன உறவு உண்டா? வீட்டுப் பெரியவர்களிடம் இந்த ஞாயிற்றுக்கிழமையே கேளுங்கள். பெயரையும் ஊரையும், தோட்டத்தின் பெயர் தெரிந்தால் அதையும், ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கல்லறை இல்லாதவனுக்கு அந்த ஒரு வரியாவது மிஞ்சட்டும்.