சங்கு வளையலும் சிலிண்டர் காற்றும்

கொல்கத்தாவின் பெஹாலா பஜாரில் டயமண்ட் ஹார்பர் சாலையை ஒட்டிய ஒரு சின்ன வளையல் கடை. கல்யாணம் நிச்சயமான பெண்ணின் கையில் கடைக்காரர் சங்கு வளையலை ஏற்றிக்கொண்டிருந்தார். சோப்பு நுரையைத் தடவி, கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, எலும்பு நெரியாமல் மெல்ல மெல்லத் தள்ளினார். சங்கு வளைந்து கொடுக்காது; கைதான் வளைந்து கொடுக்க வேண்டும். வெள்ளைச் சங்கும் சிவப்புப் பவழமும் சேர்ந்த ‘ஷாங்கா போலா’ இல்லாமல் வங்காளத்தில் இந்துக் கல்யாணம் இல்லை. “சங்கு எங்கிருந்து வருகிறது?” என்று கேட்டேன். நிமிராமலே, “மெட்ராஸ் பக்கம்” என்றார்.

அவர் சொன்ன ‘மெட்ராஸ் பக்கம்’ மன்னார் வளைகுடா. தூத்துக்குடி, கீழக்கரைக் கடல்களில் எடுத்த சங்கு, வெள்ளைக்காரர் காலத்திலேயே ஏலம் போய் கல்கத்தாவுக்குக் கப்பலேறியது. முத்துக்குளிப்பு 1961-உடன் முடிந்தது. சங்குகுளிப்பு இன்னும் முடியவில்லை.

நான் பெஹாலாவுக்குப் போனது வேறு வேலையாக. அந்தமானுக்கு ஸ்கூபா டைவிங் போகும் கூட்டம் பெருகிவிட்டதே, சிலிண்டரில் காற்று நிரப்ப எது சுலபமான வழி என்று பத்திரிகையில் எழுதச் சொல்லியிருந்தார்கள். தங்கிய நண்பர் வீட்டிலேயே விஷயம் கிடைத்தது. கல்லூரியில் படிக்கும் அவருடைய மகன் ஆன்லைனில் அரை லிட்டர் சிலிண்டர் ஒன்றும், அதற்குக் கைப்பம்பு ஒன்றும் வாங்கி வைத்திருந்தான். “எங்கேயும் போக வேண்டாம் அங்கிள், மொட்டைமாடியிலேயே அடிச்சுக்கலாம்” என்றான்.

நானும் அவனும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அரை லிட்டர் சிலிண்டரை 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பினால் உள்ளே இருப்பது 100 லிட்டர் காற்று. நீந்துகிறவர் நிமிடத்துக்குச் சுமார் 20 லிட்டர் இழுப்பார். அப்படியானால் மேல்மட்டத்தில் ஐந்து நிமிடம். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாவதால் இரண்டரை நிமிடம்தான். தீர்ந்துபோன பயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்ந்தால் நுரையீரலுக்குள் இருக்கும் காற்று விரிந்து கிழித்துவிடும். மூச்சடக்கிக் குதிக்கும் நம் பழைய முக்குளிப்பாளருக்கு இந்த ஆபத்து இல்லை. அவர் மேலே இழுத்த காற்றையே மேலே கொண்டுவருகிறார். ஆழத்தில் சிலிண்டரிலிருந்து ஒரே ஒரு மூச்சு இழுத்துவிட்டாலும் கணக்கு மாறிவிடும்.

விமானத்தில் நிரம்பிய சிலிண்டரை ஏற்ற விடமாட்டார்கள். அதனால் கொல்கத்தாக்காரருக்கு உண்மையில் சுலபமான வழி ஒன்றுதான்: வெறுங்கையோடு போய், அங்கே நிரப்பி வைத்த சிலிண்டரை வாடகைக்கு எடுப்பது. ஸ்வராஜ் தீவு என்று 2018-இல் பெயர் மாறிய ஹேவ்லாக்கில், கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள் குடியேறிய ஊர்களுக்கு நடுவே டைவிங் கடைகள் இருக்கின்றன. முறையாக நடக்கும் கடையில் மூன்று, நான்கு கட்டமாக அழுத்தும் உயர் அழுத்தக் கம்ப்ரஸர் இருக்கும். அடித்த காற்று ஈரத்தை உறிஞ்சும் வடிகட்டி, எண்ணெய் ஆவியைப் பிடிக்கும் கரி எல்லாவற்றையும் தாண்டித்தான் சிலிண்டருக்குள் போகும். அவசரமாக அடித்தால் சிலிண்டர் சுடும். ஆறியதும் அழுத்தமானியின் முள் இறங்கிவிடும். அதனால் நிதானமாக அடிப்பார்கள். வழக்கமான அலுமினிய சிலிண்டர் 11 லிட்டர். 200 பாரில் 50-ஐ மிச்சம் வைத்தால், 20 மீட்டர் ஆழத்தில் அரைமணிக்குச் சற்றுக் குறைவாக வரும்.

சுற்றுலாக்காரருக்கு இந்த அளவுக்கு ஏற்பாடு இருக்கிறது. அந்த வளையலுக்குச் சங்கு எடுத்துத் தருகிறவருக்கு? எழுத உட்கார்ந்ததிலிருந்து என்னைக் குடைவது இந்தக் கேள்விதான்.

மன்னார் வளைகுடாவில் சங்குகுளிக்கும் சில படகுகளில் இருப்பது பஞ்சர் கடையில் டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர். அதிலிருந்து நீளக் குழாய், குழாயின் முனை வாயில். அது தருவது பத்து பார் அளவுக்குத்தான். சிலிண்டர் நிரப்ப உதவாது. ஆனால் 20 மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தம் மூன்று பார்தான் என்பதால் குழாய் வழியே மூச்சுக்குப் போதுமான காற்று வந்துவிடும். நிரப்பும் செலவு இல்லை, அலைச்சல் இல்லை, நேரக் கணக்கும் இல்லை. இதைவிடச் சுலபம் எது? அந்தச் சுலபம்தான் ஆளைக் கொல்கிறது.

கம்ப்ரஸரை ஓட்டும் எஞ்சினும், அது காற்று இழுக்கும் வாயும் ஒரே படகில் சில அடி தூரத்தில் இருக்கின்றன. காற்று திரும்பினால் புகை நேராக உள்ளே போகிறது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். 20 மீட்டரில் இது மூன்று மடங்காக வேலை செய்கிறது. மேலே 10 பிபிஎம் என்று காட்டும் காற்று, கீழே 30 பிபிஎம் போல. அதே ஆழத்தில் ஆக்சிஜனும் மூன்று மடங்கு அழுத்தத்தில் கிடைப்பதால் முதலில் ஒன்றும் தெரியாது. சங்குப் பையோடு மேலே ஏறும்போதுதான் தலை சுற்றி, நினைவு தப்பும். கரையில் ‘மூச்சுத் திணறி இறந்தார்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

சிலிண்டர் வைத்திருப்பவருக்கும் இதே கவலை உண்டு. வடிகட்டி மாற்றாத கம்ப்ரஸர் சூடேறினால் அதன் எண்ணெயே கருகி அதே நஞ்சைத் தரும். நம் கடற்கரையின் வெக்கையிலும் ஈரத்திலும் வடிகட்டி சீக்கிரம் செத்துவிடும். இத்தனை மணி நேரம் ஓடியது என்று நோட்டில் எழுதி வைக்காத இடத்தில் நிரப்பக் கூடாது. நிரப்பிய காற்றைக் கொஞ்சம் திறந்து முகர்ந்து பாருங்கள். எண்ணெய் வாடை வந்தால் இறங்காதீர்கள். வாடை இல்லை என்பதாலேயே நல்ல காற்று என்றும் ஆகிவிடாது. அதற்குக் கையடக்கமான மோனாக்சைடு சோதனைக் கருவி வேண்டும்.

இன்னொன்று. பத்திரிகைகளில் நாமே ‘ஆக்சிஜன் சிலிண்டருடன் குதித்தார்’ என்று எழுதிவிடுகிறோம். முக்குளிப்பவர் முதுகில் இருப்பது 21 சதவீத ஆக்சிஜன் உள்ள சாதாரணக் காற்று. சுத்த ஆக்சிஜனை ஆறு மீட்டருக்குக் கீழே சுவாசித்தால் வலிப்பு வரலாம். இந்த எழுத்தை நம்பி யாராவது மருத்துவமனைக்கு ஆக்சிஜன் நிரப்புகிற இடத்தில் சிலிண்டரை நீட்டிவிட்டால் என்ன ஆகும்?

காற்று சுலபமாகக் கிடைத்தால் சங்குகள் இன்னும் வேகமாகத் தீரும் என்று கடல்வளம் பேசுகிறவர்கள் சொல்கிறார்கள். அது நியாயமான கவலைதான். சங்குக்கு அளவு வையுங்கள், இனப்பெருக்கக் காலத்தில் தடை போடுங்கள். கெட்ட காற்றைக் கொடுத்து ஆளைக் குறைப்பது பாதுகாப்பு ஆகாது.

தூத்துக்குடி திரேஸ்புரத்திலும் கீழக்கரையிலும் சங்குகுளிப்பவர் சங்கங்களே நடத்தும்படி, மின்சாரத்தில் ஓடும் மூச்சுக்காற்றுக் கம்ப்ரஸர் ஒன்று, வரிசையாக நிரப்பி வைத்த பெரிய சிலிண்டர்கள், மாதம் ஒருமுறை காற்றுச் சோதனை, சிலிண்டருக்குக் காலமுறை அழுத்தச் சோதனை: இவ்வளவு போதும். காலி சிலிண்டரைக் கொடுத்து நிரம்பியதை எடுத்துப் போகலாம், வீட்டுக்கு கேஸ் வாங்குவது மாதிரி. படகுக்கு டீசல் பங்க் இருக்கிறது, மீனுக்கு ஐஸ் பிளான்ட் இருக்கிறது. முக்குளிப்பவரின் மூச்சுக்கும் கரையில் ஓர் இடம் ஒதுக்குங்கள்.