கைத்தொழில் பழகுவோம் – 9: சுவர் காயட்டும்

சென்ற கிழமை சீமெந்துப் பூச்சைப் பார்த்தோம். அந்தப் பூச்சின் மேல் ஏறும் வோல் பேப்பர் இந்தக் கிழமைப் பேச்சு. இந்த வேலையைப் பழக வருகிறவர் முதலில் பசையையும் கத்தியையும் பற்றித்தான் கேட்பார். கல்முனைக் கரையில் அவர் முதலில் பழகவேண்டியது சுவரை. எந்தச் சுவரில், எந்த மாதத்தில் ஒட்டக் கூடாது என்று தெரியாதவருக்கு ஒட்டத் தெரிந்தும் பயனில்லை என்பதே என் வாதம்.

காரணம் நமது கலியாண வழக்கத்திலேயே இருக்கிறது. மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை மகளுக்கு வீடு கொடுத்துக் கலியாணம் செய்துவைப்பது வழக்கம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அதனால் புது வீட்டு வேலைக்குக் கெடு வைப்பது கலியாணத் தேதிதான். கடைசிப் பூச்சும் பெயின்றும் அவசர அவசரமாக முடியும். புதுமணத் தம்பதியின் அறைக்கு வோல் பேப்பர் எல்லாவற்றுக்கும் பிறகு வரும். சீமெந்துப் பூச்சு இறுகவே நாலு கிழமை பிடிக்கும். கல்லும் சாந்தும் குடித்த தண்ணீர் வெளியேற இன்னும் நாள் வேண்டும். மாரி தொடங்கிவிட்டால் காற்றே நனைந்திருப்பதால் அந்த நாளும் நீளும். உள்ளங்கைக்குக் காய்ந்ததாகத் தெரியும் சுவர் உள்ளே ஈரமாகவே இருக்கும். அதன் மேல் வினைல் பேப்பரை ஒட்டினால், ஈரம் போக வழியின்றிப் பேப்பரின் முதுகில் தங்கிக் கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும். உவர்க் கிணற்றுத் தண்ணீரில் சாந்து குழைத்திருந்தால், ஈரத்தோடு உப்பும் மேலே வந்து வெள்ளைப் பொடியாகப் பூத்துப் பசையின் பிடியை விடுவித்துவிடும். இதற்கெல்லாம் பசையைக் குறை சொல்லிப் பயனில்லை.

இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஓரடிச் சதுரமான தெளிந்த பொலித்தீன் துண்டைச் சுவரில் வைத்து, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, ஒரு நாள் விடவேண்டும். மறுநாள் அதன் உட்புறத்தில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ, அந்தச் சதுரம் மட்டும் கறுத்திருந்தாலோ, பசை வாளியைத் திறக்கக் கூடாது. நிலத்துக்கு அருகில், குளியலறைச் சுவரின் மறுபக்கத்தில், மழை அடிக்கும் பக்கத்தில் என்று மூன்று இடத்திலாவது ஒட்டிப் பார்ப்பது நல்லது.

சுவர் தேறிய பிறகுதான் தாளின் முறை. சாதாரணத் தாள் பசையை உறிஞ்சி அகலத்தில் விரியும். அதனால் பசை தடவிய முகத்தை உள்ளே மடித்து, உறையில் குறித்துள்ள நிமிடங்கள் ஊறவிட்டே ஏற்றவேண்டும். பொறுக்காமல் ஏற்றினால் சுவரிலேயே விரிந்து கொப்புளிக்கும். நொன்-வோவன் தாள் அப்படி விரியாது. அதற்குப் பசையைச் சுவரில் தடவலாம். முதல் தாளைத் தூக்குக்குண்டு பிடித்துப் போட்ட கோட்டில் ஒட்டவேண்டும். மூலையை நம்பினால், மூலை சாய்ந்த அளவுக்கு எல்லாத் தாளும் சாயும். கணக்கும் இந்த வேலைதான். பரவலாகக் கிடைக்கும் ரோல் 53 சென்ரிமீற்றர் அகலம், சுமார் 10 மீற்றர் நீளம். 3.6 மீற்றர் அகலமும் 3.2 மீற்றர் உயரமும் உள்ள சுவருக்கு 7 துண்டு வேண்டும். வெறும் தாளென்றால், வெட்டுக்கழிவோடு துண்டுக்கு 3.3 மீற்றர்; ஒரு ரோலில் 3 துண்டு, ஆக 3 ரோல் போதும். 64 சென்ரிமீற்றருக்கு ஒருமுறை பூ திரும்பும் தாளென்றால், பூ பொருந்தத் துண்டுக்கு 3.84 மீற்றர் போகும். ரோலுக்கு 2 துண்டுதான், 4 ரோல் வேண்டும். பூ வரிசை பிசகினால் துணியே கெட்டதென்று அறிந்த மருதமுனை நெசவாளருக்கு இது புதுக் கணக்கல்ல.

கடற்கரைக்கு வோல் பேப்பரே ஒத்துவராது என்பார் உண்டு. மழை அடிக்கும் வெளிச்சுவரைப் பொறுத்தவரை அது சரி. வீட்டுக்குள் நிற்கும் இடைச்சுவர் நன்றாகக் காய்ந்திருந்தால் பேப்பரைத் தாங்கும். எது எந்தச் சுவர் என்று பிரித்தறிவதற்குத்தான் தொழில் தெரிந்தவர் வேண்டும். வீடியோ பார்த்தே பழகலாம் என்பாரும் உண்டு. கத்தி பிடிக்கும் விதத்தை வீடியோ காட்டும். நம் ஊர்ச் சுவரில் மூன்றாம் மாதம் என்ன ஆகும் என்பதை அது காட்டாது. வலுவான மறுப்பு இன்னொன்று: கலியாணம் காத்திருக்காது, நீங்கள் மறுத்தால் வேறொருவர் ஒட்டுவார். அந்த நட்டம் உண்மையானதே. ஆனால் வெறுமனே மறுக்கவேண்டியதில்லை. ஈரத்தை வெளியே விடும் மெல்லிய பெயின்றை இப்போது அடித்து, மாரி கழிந்து வெயில் பிடித்ததும் பேப்பர் ஒட்டலாம் என்று சொல்லவேண்டும். பல வருட உழைப்பை மகளின் வீட்டில் போட்ட தகப்பனுக்கு, அந்தக் காசைப் பூஞ்சணம் தின்னாமல் காத்தவரை மறக்காது.

ஆகவே, பழகுகிறவர் ஒரு மாரியும் ஒரு கோடையும் மேசனோடும் பெயின்ற் அடிப்பவரோடும் கையாளாக நின்று, ஒரே சுவர் நனைவதையும் காய்வதையும் பார்க்கட்டும். வேலை செய்தே பழகியவரின் திறமையை மதிப்பிட்டுச் சான்றிதழ் கொடுக்கும் வழி, 7 மட்டங்கள் கொண்ட நமது தேசிய தொழிற்தகைமை முறையில் உண்டு. கட்டுமான வேலைகளில் பெறும் அந்தத் தகைமை வெளிநாடு போகிறவருக்கும் உதவும். கத்தியைப் பிறகு வாங்கலாம். ஓரடிப் பொலித்தீனை இன்றைக்கே எடுத்து, சொந்த வீட்டுச் சுவரில் ஒட்டிப் பார்க்கலாம்.

(தொடரும்)