சுழல்கலப்பை: பழுதறிதலும் பராமரிப்பும்

கேரளத்தில் 1970-களின் நடுப்பகுதியில் 8 லட்சம் ஹெக்டேருக்கும் அதிகமாக இருந்த நெற்பரப்பு, இன்று சுமார் 2 லட்சம் ஹெக்டேராகச் சுருங்கியுள்ளது. கூலி உயர்வும் ஆள் பற்றாக்குறையும் இதற்கான முக்கியக் காரணங்களுள் அடங்கும். எனவே, எஞ்சியுள்ள வயல்களில் இயந்திரங்கள் தடையின்றி இயங்குவது இன்றியமையாததாகிறது. மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம் 2014-15 முதல் இயந்திரங்கள் வாங்க மானியம் வழங்கி வந்துள்ளது. ஆனால் வாங்கிய இயந்திரம் பருவத்தில் பழுதாகி நின்றால், அம்முதலீட்டினால் விளையும் பயன் என்ன?

டிராக்டரின் பின்புறம் பொருத்தப்படும் ரோட்டவேட்டர் எனும் சுழல்கலப்பையை எடுத்துக்கொள்வோம். டிராக்டரின் பி.டி.ஓ. தண்டு நிமிடத்திற்கு 540 சுற்றுகள் சுழன்று, இணைப்புத் தண்டு, கியர் பெட்டி ஆகியவற்றின் வழியே கத்திகளை இயக்குகிறது. குளிர்நாடுகளில் டிராக்டரில் பொருத்தப்படும் பனி அகற்றும் கருவிக்கும் இதே தத்துவம் பொருந்தும்.

பழுதும் காரணமும்

திருவனந்தபுரம் மாவட்டத்தில் 'ஏலா' எனப்படும் தாழ்ந்த வயல்களை ஒட்டிய கரைநிலங்களில் செம்பாறைக் கற்களும் தென்னை வேர்களும் மிகுதி. கத்தி இவற்றில் சிக்கும்போது, இணைப்புத் தண்டிலுள்ள பாதுகாப்புப் போல்ட் முறிந்து கியர்களைக் காக்கிறது. பி.டி.ஓ. சுழன்றும் கத்திகள் சுழலாவிடில், முதலில் இந்தப் போல்ட்டைப் பார்க்க வேண்டும்.

அதிர்வு மிகுந்தால், கத்திகளின் போல்ட்டுகள் தளர்ந்துள்ளனவா, கத்தி ஏதேனும் உடைந்துள்ளதா என நோக்குக. கியர் பெட்டி சூடேறி இரைந்தால் எண்ணெய் அளவைச் சரிபார்க்க வேண்டும். கருவியைத் தூக்கும்போது மட்டும் தண்டு தடதடத்தால், அது அளவுக்கு மீறிய கோணத்தில் சுழல்கிறது எனலாம். வரப்பில் திரும்பும்போது பி.டி.ஓ.வை நிறுத்துதல் நலம். எந்தச் சோதனைக்கு முன்பும் என்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்து, தூக்கிய கருவிக்கு உறுதியான முட்டுக் கொடுக்க வேண்டும்.

சிக்கனம் எது?

அடிக்கடி முறிகிறதென்று, குறிப்பிட்ட போல்ட்டுக்கு மாற்றாகக் கடினமான போல்ட்டையோ இரும்புக் கம்பியையோ செருகுவது பரவலான வழக்கம். போல்ட் முறியாதபோது, அவ்விசை முழுவதும் கியர் பற்களைத் தாக்குகிறது. சில ரூபாய்ச் செலவைத் தவிர்க்க முனைந்து கியர் பெட்டியையே இழக்க நேரிடும். அதனினும் பெரிது கால இழப்பு. விரிப்பு அறுவடைக்கும் முண்டகன் நடவுக்கும் இடையிலான குறுகிய நாட்களில் வாடகை இயந்திரம் ஒரு வாரம் நின்றால், அதனை நம்பிய விவசாயிகள் அனைவரது நடவும் தள்ளிப்போகும்.

ஆகவே, வாடகை மையங்கள் உரிய போல்ட்டுகளையும் கத்திகளையும் கையிருப்பில் வைப்பதும், ஓட்டுநருக்குப் பழுதறியும் பயிற்சி அளிப்பதும் மானியத்திற்கு இணையான முக்கியத்துவம் பெறவேண்டும். இயந்திரமயமாக்கலின் முன்னேற்றத்தை, வழங்கிய கருவிகளின் எண்ணிக்கையோடு, அவை பருவத்தில் உழைத்த நாட்களையும் கொண்டு மதிப்பிடுவதே பொருத்தமாகும்.